மந்தமும் உச்சமும்: பழைய டிரம்ஸின் கார்வை எங்கிருந்து வருகிறது?

திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடன் கொடைக்குப் போனவர்களுக்குக் கணியான் கூத்தின் மகுடம் தெரிந்திருக்கும். தோல் கட்டிய பறைதான் மகுடம். இரண்டு மகுடம், ஒன்று உச்சம் (மேல் சுருதி), மற்றது மந்தம் (கீழ் சுருதி). சத்தம் தொய்ந்தால் ஓரமாகத் தீ மூட்டித் தோலைக் காட்டுவார்கள். சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகும், சுருதி ஏறும். சத்தத்தை ஏற்ற வழி அது. இறக்குவதுதான் கஷ்டமான வேலை, அதுவும் மெல்லிசைக் குழுக்களின் அறையிலோ சர்ச்சிலோ ஒதுங்கிக் கிடக்கும் அறுபதுகளின் டிரம் செட்டில்.

எல்லாரும் முதலில் செய்வது கீயை, அதாவது போல்ட் திருகும் சாவியை எடுத்து ஹெட்டை, அதாவது அடிக்கும் தோலைத் தளர்த்துவதுதான். அது கொஞ்ச தூரம்தான் வரும். இழுவிசையைப் பாதியாக்கினால் சுருதி பாதியாகாது. ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமென்றால் இழுவிசை நாலில் ஒரு பங்காக வேண்டும். அதற்குள் ஹெட் சுருங்கித் தொளதொளத்து, அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி ஆகிவிடும். விட்டம் கூடினாலும் சுருதி இறங்கும்: அதே ஹெட், அதே இழுவிசையில் 14 இன்ச்சை விட 16 இன்ச் டாம் (செட்டில் குச்சியால் அடிக்கும் உருளை டிரம்) இரண்டு ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று மேலாகவே தணிந்து பேசும். ஆனால் கையில் இருக்கிற டிரம்மின் விட்டத்தை நாம் மாற்ற முடியாதே.

மிச்சமிருப்பது எடை. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அது சும்மா இல்லை. எடை கூடினால் தோல் மெதுவாக ஆடும், சுருதி இறங்கும். டிரம்ஸில் ரவை அப்ப வேண்டாம், தடித்த ஹெட் போட்டாலே போதும். சாதாரண ஒற்றை ஹெட் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். இரட்டைப் படலம் போட்ட ஹெட்டில் எடை கூடுவதோடு, இரண்டு படலங்களும் ஒன்றோடொன்று உரசி மேல் ஒலிகளை அடக்கியும் விடும்.

இந்த மேல் ஒலிகள்தான் விஷயமே. வட்டமான தோலைத் தட்டினால் ஒரே சுருதி வராது. அடிச்சுருதி 1 என்றால் கூடவே 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று சேராத கூட்டம் ஒன்று வரும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் இருக்கும் கரணை, அதாவது கறுப்புப் பூச்சு, அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி ஸ்வரமாக்குகிறது என்று சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-லேயே நேச்சர் இதழில் எழுதிவிட்டார். டிரம்ஸில் கரணை கிடையாது. அதனால் அந்தக் கூட்டத்தில் உயரமானவை சீக்கிரம் செத்துப்போனால்தான் நம் காதுக்குக் கதகதப்பாக, கனமாகக் கேட்கும்.

பழைய செட் இங்கேதான் ஜெயிக்கிறது. பழைய மரம் பாடுகிறது என்று சிலாகிப்பவர்கள் உண்டு, நான் அதைப் பாதிதான் நம்புவேன், ஏனென்றால் சத்தத்தில் பெரும்பங்கு ஹெட்டிலிருந்தே வருகிறது. ஆனால் ஹெட் உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். இன்றைய டிரம்களில் பலவற்றில் அது கூராக இருக்கும். பழசில் உருண்டையாக, தடித்து இருக்கும், உள்ளே வலுவுக்கு மரவளையம் வேறு. ஹெட் அந்த அகலமான விளிம்பில் படியும்போது மேல் ஒலிகள் அங்கேயே தேய்ந்துவிடுகின்றன. யாராவது ‘விளிம்பைச் சீவிக் கூராக்கித் தருகிறேன்’ என்றால் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கன்றுத்தோல் காலத்தில் செய்த சில ஷெல்களில் (டிரம்மின் மர உருளைகளில்) இன்றைய பிளாஸ்டிக் ஹெட் இறுக்கமாகப் போகும், அதை அடித்து இறக்காதீர்கள். 1950-களின் பிற்பாதியில்தான் பாலியெஸ்டர் ஹெட் வந்தது; ஹெட் செய்யும் ரெமோ கம்பெனி தொடங்கியது 1957-ல். அதற்கு முன்பு கன்றுத்தோல்தான், அது அருமையாகப் பேசும், ஆனால் தென்காசிப் பக்கம் சாரல் விழும் நாளில் மகுடம் மாதிரியே தொய்ந்துவிடும். பாலியெஸ்டர் அந்த ஈரத்தைக் கண்டுகொள்வதில்லை.

சரி, டியூனிங். கையாலேயே போல்ட்டுகளை முடிந்தவரை திருகிவிட்டு, பிறகு கீயைக் கால் சுற்று, எதிரெதிராகக் கொடுங்கள். சுருக்கம் போகிற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு இன்ச் உள்ளே தள்ளி விரலால் தட்டிச் சுருதியைச் சமமாக்குங்கள். இதில் சோம்பல் கூடாது. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் 1.59-ல் இருக்கும் அந்த ஒலி இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று மோதும், டாம் வவ்வவ்வென்று அழும். பலர் இதை ஷெல்லின் கோளாறு என்று நினைத்து டேப் ஒட்டுகிறார்கள்.

அப்புறம் கீழ் ஹெட். உள்ளே அடைபட்ட காற்று இரண்டு ஹெட்டையும் கட்டிப்போட்டிருக்கிறது, மேலே அடித்தால் கீழேயும் ஆடும். இரண்டும் ஒரே சுருதியில் நின்றால் கார்வை, அதாவது அடித்த பிறகும் நீடிக்கும் ஒலி, நீளமாக வரும், வித்தியாசம் கூடக்கூடக் குறுகும். என் ருசிக்கு மேல் ஹெட்டைச் சுருக்கம் போகும் இடத்திலேயே விட்டு, கீழ் ஹெட்டை ஒரு பொட்டு மட்டும் ஏற்றுவேன்.

பேஸ் டிரம்முக்குள் தலையணை திணிப்பது எனக்குப் பிடிக்காது, மேல் ஒலியோடு கார்வையும் சேர்ந்து போய்விடும். பழைய ஆட்கள் செய்தபடி, ஹெட்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவே ஃபெல்ட் துணிப்பட்டை ஒன்றைக் குறுக்கே இழுத்து வையுங்கள். நடுவில் வேண்டாம், கொஞ்சம் ஓரம் தள்ளி.