3 ஏன் திரும்பிக்கொள்கிறது?

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. தமிழ் எழுத்துகள் கோணல்மாணலாகவாவது வந்துவிடுகின்றன. ஆனால் 3, 7 இரண்டையும் திருப்பிப் போடுகிறாள். ஆங்கிலச் சின்ன 'பி'யும் 'டி'யும் இடம் மாறுகின்றன. பள்ளிக்கு அனுப்பாததால் வந்த வினையா, மூளையில் ஏதாவது குறையா? ஜாதகத்தில் புதன் சரியில்லை என்கிறாராம் மாமியார்.

புதனை விட்டுவிடலாம். அது சூரியனைச் சுற்றும் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இந்த வயதில் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். குழந்தையின் மூளை ஒரு பாடத்தை மிக நன்றாகக் கற்றுவைத்திருப்பதுதான் சிக்கலே.

காட்டில் புலி இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் ஓடத்தான் வேண்டும். அதனால் இடம் வலம் மாறினாலும் பொருள் ஒன்றே என்று கொள்ளும்படி மூளை அமைந்திருக்கிறது. குரங்குகளின் மூளையில், ஓர் உருவத்துக்கும் அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கும் ஒரேபோலத் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டிருக்கிறார்கள். எழுத்து தோன்றியதோ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் மூளையில் கிடையாது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பகுதியின் இடது பக்கத்தில் ஒரு துண்டை எழுத்து பிடித்துக்கொள்கிறது. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டனிஸ்லாஸ் தெஹேனின் குழு 2010-இல் படிக்கத் தெரிந்த பெரியவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. படத்தைத் திருப்பிக் காட்டினால் அந்தத் துண்டு 'அதேதான்' என்கிறது. சொல்லைத் திருப்பிக் காட்டினால் 'இது வேறு' என்கிறது. அதாவது, புலிக்குப் பொருந்தும் விதியை எழுத்துக்கு மட்டும் கைவிட வேண்டும். உங்கள் மகள் இப்போது அந்த நடுவழியில் இருக்கிறாள்.

அவள் நோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாம் சமமாகத் திரும்பியிருக்காது. 3, 7, 'ஜே', 'இசட்' அடிக்கடி திரும்பும். 6, ஆங்கில 'இ', 'கே' அவ்வளவாகத் திரும்பாது. பிரெஞ்சு உளவியலாளர் ழான்-போல் ஃபிஷர் இதற்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. இடமும் வலமும் ஒன்றுபோல இல்லாத ரோமன் பெரிய எழுத்துகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் பார்ப்பவை: முதுகாக ஒரு கோடு இடத்தில் நிற்க, மற்றதெல்லாம் வலப்பக்கம் நீளும். யாரும் சொல்லித்தராமலே குழந்தை இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடப்பக்கம் பார்க்கும் 3 வந்ததும், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று வலப்பக்கம் திருப்பி நிறுத்துகிறது. கவனக்குறைவு என்று நாம் திட்டுவது, குழந்தை தானாகக் கண்டுபிடித்த ஓர் இலக்கண விதி! காகிதத்தின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பெயரை எழுதச் சொல்லிப் பாருங்கள். சில குழந்தைகள் முழுப் பெயரையும் கண்ணாடியில் தெரிவதுபோலவே எழுதிவிடும்.

சரி, தமிழில் ஏன் இந்தத் தொல்லை குறைவு? நம் எழுத்துகளில் திருப்பினால் இன்னொன்றாகிவிடும் ஜோடி இல்லை. 'ட'வைத் திருப்பி எழுதினால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான், வேறு எழுத்தாகாது. நமக்குள்ள குழப்பம் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எத்தனை சுழி என்பது. மொழியியலாளர் எரிக் பீடர்சன் தமிழர்களிடம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், உருவங்களின் கண்ணாடிப் பிம்பங்களைப் படிக்கத் தெரியாதவர்களைப் போலவே 'ஒன்றுதான்' என ஏற்கும் போக்கைக் காட்டினார்கள். ரோமன் எழுத்தும் அறிந்தவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். தமிழ் படிக்கும் மனம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது எனக்கு உறுத்துகிறது. நம் பல்கலைக்கழகங்கள் செம்மொழி மாநாட்டு மலருக்குச் செலவழிப்பதில் ஒரு துளி போதும், இந்த மாதிரி ஆய்வு பத்து நடத்தலாம்.

அப்புறம், புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் பயிற்சிப் புத்தகம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு ஸ்கேனில் அந்த எழுத்துகளைக் காட்டியபோது, தாமாக எழுதியவற்றுக்குத்தான் வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக விழித்துக்கொண்டன. ஒரு 'அ' குட்டையாக, ஒன்று சாய்ந்து, ஒன்று வால் நீண்டு வருகிறதே, அந்த அலங்கோலமே பாடம்: இத்தனை உருவமும் ஒரே எழுத்து என்று மூளை கற்பது அதிலிருந்துதான் என்பது அவர் விளக்கம். எனவே சிலேட்டும் பல்பமும் போதும். 3-ஐ எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைப்பது என்பதை மட்டும் கைபிடித்துக் காட்டி, பிறகு விட்டுவிடுங்கள். ஏழெட்டு வயதுக்குப் பிறகும் திரும்புவது குறையாமல், வாசிப்பும் சேர்ந்து திணறினால் நிபுணரிடம் காட்டலாம்.

பிரேசிலில் ஒரு குழு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம், இந்தத் திசை வேறுபாட்டைக் கண்ணும் கையும் காதும் சேர்த்துப் பழக்கியது. பயிற்சி முடிந்ததும் தூங்கவும் வைத்த பிள்ளைகளுக்கு வாசிக்கும் வேகம் இரட்டிப்பானதாக 2021-இல் எழுதினார்கள். எழுதி முடித்ததும் பாய் விரித்துப் படுக்கவைப்பது பள்ளிக்கூடத்தில் நடக்கிற காரியமில்லை. உங்கள் வீட்டில் நடக்கும்.