கேட் திறக்காத இரவும் எர்த் இல்லாத விளக்கும்

டர்பனில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. புது எல்.இ.டி ஃப்ளட் லைட் மாட்டியதிலிருந்து கேட் ரிமோட் சரியாக வேலை செய்வதில்லை. பகலில் திறக்கும் கேட், இரவில் விளக்கு எரியும்போது திறக்காது. காரை நிறுத்தி, இறங்கிப் போய்க் கையால் திறக்க வேண்டும். வழிப்பறி பயம் உள்ள இந்த ஊரில் அது எவ்வளவு ஆபத்து என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

தென்னாப்பிரிக்காவில் கேட் ரிமோட்டுகள் பெரும்பாலும் 403 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. ஒவ்வொரு வெட்டும் சடாரென்று நடப்பதால், அதன் இரைச்சல் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும். 403 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 18.6 சென்டிமீட்டர். அந்த அளவு ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலே போதும், நல்ல ஆன்டெனா ஆகிவிடும். அந்த இரைச்சலில் ரிமோட்டின் சிக்னல் கேட்டுக்குக் கேட்காது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு அக்கா வீட்டு விளக்கைத் திறந்து பார்த்தேன். போர்டில், இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் காயிலுக்கு இடம் அச்சிட்டிருக்கிறது. காயில் இல்லை, இரண்டு கம்பித்துண்டுகளை வைத்து ஈயம் பற்றவைத்திருக்கிறார்கள். லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இரைச்சலை அடக்கும் எக்ஸ் கெப்பாசிட்டரின் இடமும் காலி. வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது, தயாரித்தவர் காசு மிச்சம் பிடித்துவிட்டார். எர்த்துக்கான பச்சை மஞ்சள் ஒயரோ உலோக உடம்பைத் தொடாமலே நறுக்கிக் கிடந்தது.

சரி, ஒரு ஃபில்டர் வாங்கிப் போட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். ஃபில்டரில் உள்ள ஒய் கெப்பாசிட்டர்கள் லைவ், நியூட்ரல் இரண்டையும் எர்த்தோடு இணைப்பவை. 4.7 நானோஃபாரட் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.34 மில்லியாம்பியர் எர்த்துக்குள் போகும். எர்த் ஒயர் இருந்தால் இது தொல்லையே இல்லை. அது அறுந்திருந்தால் விளக்கின் உடம்பு ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். தொட்டால் சுரீரென்னும். மின்னோட்டம் சிறியதுதான், ஆனால் ஏணி மேல் நிற்பவர் அந்த அதிர்ச்சியில் கீழே விழலாம்.

பழுது பார்க்கும்போது ஒய் கெப்பாசிட்டருக்குப் பதில் சாதா செராமிக் கெப்பாசிட்டர் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒய் வகை, பழுதானால் ஷார்ட் ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே சோதித்துத் தயாரிக்கப்படுவது. லைவ் பக்கத்தில் சாதா வகை ஷார்ட் ஆனால், எர்த் இல்லாத உடம்பில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும்.

அப்புறம், லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் வாங்கி மாட்டிய இன்வெர்ட்டர்கள். கரண்ட் போனதும் சில இன்வெர்ட்டர்களின் நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் தனியே மிதக்கும். அப்போது லைவ் ஒயர் விளக்கின் உடம்பைத் தொட்டாலும், மின்கசிவு கண்டால் கரண்ட்டை வெட்டும் 30 மில்லியாம்பியர் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் விழாமல் போகலாம். அந்த ஸ்விட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அந்தப் பட்டன் எர்த் வழியைச் சோதிப்பதே இல்லை, நியூட்ரல் மிதந்தாலும் அது டிரிப் ஆகும். எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பல பத்து வோல்ட் காட்டினால், அந்த இணைப்பைச் சரிசெய்த பிறகு ஃபில்டர் வேலைக்கு வாருங்கள்.