‘உச்சத் திறன்’ என்பது யாருடைய உச்சம்?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில், என் தாய்மாமன் வீட்டு மாடியில் சூரியத் தகடுகளைப் பொருத்தியவர்கள் விட்டுச்சென்ற தமிழ்த் துண்டறிக்கையில், ‘ஒரு தகட்டின் உச்ச உற்பத்தித் திறன் 550 வாட்’ என்று அச்சாகியிருந்தது. சித்திரை மாத நடுப்பகலில் கைப்பேசியில் பார்த்தால், ஆறு தகடுகளும் சேர்ந்து 2,600 வாட்டைத் தாண்டவில்லை. “இந்த வெயில்லயே உச்சம் வரலைன்னா வேற எப்ப வரும் மாப்பிள்ளை?” என்று மாமா கேட்டார். ‘உச்சத் திறன்’ என்ற தொடரை எத்தனையோ முறை பொறுத்துக்கொண்டவன், அன்று பொறுக்கவில்லை.

‘உச்சத் திறன்’ என்று தமிழாக்கப்படும் ஆங்கிலத் தொடரான ‘ரேட்டட் பவர்’ என்பதன் முதற்சொல், ‘கணக்கிடப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘பவர்’ என்பதற்குப் பாடநூல்கள் தரும் ‘திறன்’ போதும்.

சிக்கல் ‘உச்ச’ என்னும் ஒட்டில் இருக்கிறது. தகட்டின் பின்புறச் சீட்டில் உள்ள ‘பி-மேக்ஸ்’ என்ற குறியீடு சுட்டுவது நாளின் உச்சத்தை அன்று. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மிகுதியாகக் கிடைக்கும் புள்ளியை, அதுவும் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் தகட்டிலுள்ள சூரியக்கலங்களுக்கு 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் அமைந்த ஆய்வுக்கூட நிலையில் அளந்ததை. எங்கள் கரையில் காற்று 35 டிகிரி என்றால் தகடு 60ஐத் தொட்டுவிடும். ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைவதால், எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. விரல் வைத்தால் பிசுபிசுக்கும் உப்புப் படிவும் இன்வெர்ட்டர் இழப்பும் அதற்கு மேல். வேடிக்கை என்னவென்றால், மழை விட்ட குளிர்ந்த வேளையில் மேக விளிம்பு ஒளியைக் கூட்டும்போது, தகடு சில நொடிகள் 550ஐத் தாண்டவும் கூடும். தாண்டப்படுவதை உச்சம் என்பது எந்தத் தமிழ்?

‘மதிப்பிடப்பட்ட திறன்’ என்பாரும் உளர். மதிப்பீடு என்றாலே உத்தேசம் என்றுதான் காதில் விழும். இதுவோ அளந்து பொறித்த எண். ‘மணிக்கு 3 கிலோவாட் உற்பத்தி’ என்று எழுதித் திறனையும் (உற்பத்தியின் வேகம்) ஆற்றலையும் (உற்பத்தியான மொத்த அளவு) ஒன்றாகக் குழைப்பவர்களிடம் இந்த நுட்பத்தை எதிர்பார்ப்பதும் வீண்தான். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்ற எளிய கணக்கை அவர்கள் அச்சிட்டிருந்தாலே மாமாவுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

என் பரிந்துரை ‘சோதனைத் திறன்’. படகு எஞ்சினில் எழுதிய குதிரைத்திறனை நம்பிக் கச்சான் காற்றில் கரை சேரும் நேரத்தைக் கணக்கிடாதவர் மாமா. ‘சோதனைத் திறன் 550 வாட்’ என்று போட்டிருந்தால், “எங்க வச்சுச் சோதிச்சீங்க?” என்று அவரே கேட்டிருப்பார்.