ஜங்கிள்: சொல் விளக்கம்

அறிபுனைவில் ‘ஜங்கிள் கோள்’ என்றவுடன், வானை மறைக்கும் மரங்களும் அவற்றை முறித்துக்கொண்டு வரும் மாபெரும் விலங்குகளும் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் அச்சொல் பிறந்த இடத்தில் ஈரமும் இல்லை, அடர்த்தியும் இல்லை. வடமொழியில் ‘ஜாங்கலம்’ என்பது நீர் குறைந்து, மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வறண்ட நிலம். ஆயுர்வேத நூல்கள் அதை நீர்வளம் மிக்க ‘ஆனூப’ நிலத்துக்கு எதிராகவே வைக்கின்றன. இந்தியில் ‘ஜங்கல்’ ஆகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் மழைக்காடு என்ற பொருள் அதற்கு இல்லை. 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஹால்ஹெட் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்துச் சட்டத் தொகுப்பு, ஐந்தாண்டு தரிசாகக் கிடந்த நிலத்தைத்தான் ஜங்கிள் என்கிறது. தரிசில் புதர் மண்டுவது இயல்பு. அப்புதரின் வழியே சொல்லின் பொருளும் அடர்காட்டை நோக்கி நகர்ந்தது.

தமிழின் ‘காடு’ம் இவ்விரு முனைகளையும் தொடுகிறது. கொங்கு நாட்டில் ஒருவர் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால், பெரும்பாலும் மானாவாரி நிலத்துக்கு வேலைக்குப் போகிறார் என்றே பொருள்.

வேற்றுக்கோளைப் படைக்கும் எழுத்தாளருக்கு அந்தப் பழம்பொருளே பயன் மிக்கது என்பேன். முதிர்ந்த மழைக்காட்டில் இலைகளில் பெரும்பகுதி தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கிறது. தரைக்கு வந்து சேரும் ஒளி நூற்றில் ஓரிரு பங்குதான் என்பதால், கீழே நிற்கும் பெருந்தீனி விலங்குக்கு அங்கே மேய்ச்சல் குறைவு, அடிமரங்களுக்கிடையே உடலைத் திருப்பவும் இடம் குறைவு. ஒட்டகச்சிவிங்கியின் நெருங்கிய உறவான ஒகாபி, காங்கோ காட்டுக்குள் தோள் உயரம் ஒன்றரை மீட்டர் அளவிலேயே நின்றுவிட்டது. ஆப்பிரிக்கக் காட்டு யானையும் புல்வெளி யானையைவிடச் சிறியது; அதன் தந்தங்கள்கூட வெளியே வளையாமல், ஏறத்தாழ நேராகக் கீழ்நோக்கியே நீள்கின்றன. உடல் இரு மடங்கு நீண்டால் எடை எட்டு மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் என்ற கணக்கைக் கோளின் ஈர்ப்பைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். தீனிப் பற்றாக்குறையை அப்படிச் சமாளிக்க முடியாது.

ஆகவே பெருவிலங்குகளுக்கு ஏற்ற ஜங்கிள், அவை தாமே உடைத்தும் மிதித்தும் திறந்து வைத்திருக்கும் காடாக இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் நடுவே ‘பாய்’ எனப்படும் திறந்தவெளிகள் உண்டு. உப்புச்சத்துக்காக யானைகள் அங்கே கூட்டமாக வந்து மண்ணைக் கிளறுவதும் செடிகளை மிதிப்பதும், அவ்வெளிகள் மரம் மூடிப் போகாமலிருக்க உதவுகின்றன. வெட்டவெளியின் விளிம்பில்தான் ஒளி தரைவரை இறங்குகிறது, கொடியும் புதரும் பின்னிக்கொண்டு வளர்கின்றன. ஓவியர்கள் வரையும் ஜங்கிள் உண்மையில் அந்த விளிம்புதான்.

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றைத் தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டியதில்லை. ‘வனம்’, ‘அடவி’ இரண்டும் வடமொழி வழி வந்தவை என்பதோடு, நிலத்தின் தன்மையையும் காட்டுவதில்லை. இருண்டு உயர்ந்த பகுதிக்கு ‘மழைக்காடு’, பின்னிக் கிடக்கும் விளிம்புக்கு ‘தூறு’ அல்லது ‘புதர்க்காடு’, பொதுவாகச் சுட்ட ‘அடர்காடு’ என எழுதலாம். ‘ஜங்கிள் பிளானட்’ என்பதற்கு ‘காட்டுக்கோள்’ போதும். ‘வனக்கிரகம்’ என்பதைவிட அது வாயில் எளிதாகவும் வருகிறது.