ஆக்சிடோசின்: சொல் விளக்கம்

பிரசவ வார்டு வாசலில் 'வலி வர மருந்து ஏத்துறாங்க' என்பார்கள். அந்த டிரிப்பில் பெரும்பாலும் சொட்டுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். சொல்லின் வேரும் பிரசவம்தான். கிரேக்கத்தில் 'ஆக்சுஸ்' என்றால் விரைவு, 'டோகோஸ்' என்றால் பேறு. ஆக்சிஜனிலும் இதே 'ஆக்சுஸ்'தான், அங்கே புளிப்பு என்ற பொருளில். மற்றபடி இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1906இல் ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர் ஹென்றி டேல், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த இந்த மூலக்கூறை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இது பயத்தையும் தணிக்கும் என்கிறார்கள். சரி, பயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் உருவாகும் ஆக்சிடோசின் ரத்தத்தில் மட்டும் கலப்பதில்லை. பயத்தை எழுப்பும் மூளைப் பகுதியான அமிக்டலா வரை அதைச் சுமக்கும் நரம்பிழைகள் நீள்கின்றன. அங்கே அது வெளியானபோது, பயத்தில் விறைத்து நின்ற எலிகள் மீண்டும் நடமாடத் தொடங்கின. மனிதர்களின் மூக்கில் இதைத் தெளித்து, அச்சமூட்டும் முகங்களைக் காட்டிய 2005ஆம் ஆண்டு ஆய்வில், ஸ்கேனில் அமிக்டலாவின் பரபரப்பு தணிந்திருந்தது. இன்னொரு சோதனையில், முன்பின் தெரியாதவர்கள் எதிரே பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். நண்பரின் துணையும் ஆக்சிடோசினும் சேர்ந்து கிடைத்தவர்களுக்குத்தான் மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் மிகக் குறைவாக இருந்தது.

இதை வைத்து 'அன்பு ஹார்மோன்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சக எலியிடம் தோற்று மிரண்ட சுண்டெலிகளிடம், மூளையின் வேறொரு பகுதியில் இதே ஆக்சிடோசின் பயத்தைக் கூட்டியிருக்கிறது. உறவில் பட்டதை, நல்லதோ கெட்டதோ, ஆழப் பதிக்கிறது போலும்.

தமிழில்? 'ஹார்மோன்' 1905இல் ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். தூண்டி இயக்குவது என்று பொருள். ஆகவே 'இயக்குநீர்' கச்சிதம். ஆக்சிடோசினுக்கு 'விரைபேற்று இயக்குநீர்' என்றால் வேர்ப்பொருள் வந்துவிடும், ஆனால் ஆண்களுக்கும் அது சுரக்கிறதே! மூளையைப் பற்றி எழுதும்போது 'பிணைப்பு இயக்குநீர்' எனலாம். மருந்துச் சீட்டில் மட்டும் ஆக்சிடோசின் என்றே இருக்கட்டும். அங்கே குழப்பம் ஆகாது.