சர்க்காடியன்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

'சர்க்காடியன் ரிதம்' என்று வந்தாலே 'உயிரியல் கடிகாரம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. கடிகாரம் செல்லுக்குள் இருக்கிற பொறி. அது ஓடுவதால் தூக்கம், உடல் சூடு, ரத்த அழுத்தம் எல்லாம் நாள்தோறும் ஏறி இறங்குகிறதே, அதுதான் சர்க்காடியன் ரிதம்.

1959இல் இச்சொல்லை உருவாக்கியவர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க். லத்தீனில் 'சிர்க்கா' ஏறத்தாழ, 'டியஸ்' நாள். இந்த 'ஏறத்தாழ'வை விடவே கூடாது, ஏனென்றால் பகலிரவு தெரியாத அறையில் ஒருவரை வைத்தாலும் சுழற்சி நிற்காது, ஆனால் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் கூடவே ஓடும், காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் நேராக்குகிறது.

சொல்தான் புதுசு. புளிய இலை இரவில் மூடுவதை அலெக்சாண்டரின் தளபதி ஆண்ட்ராஸ்தனிஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அம்பாசமுத்திரம் பக்கம் ஏதாவது புளியமரத்தடியில் பொழுது சாயும்போது நின்று பாருங்கள், சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக்கொள்ளும்.

இந்தக் கடிகாரம் இதயச் செல்களிலும் ஓடுகிறது, அதைப் பற்றித் தமிழில் எழுதும்போது வரும் சொற்களுக்கு இப்போது வருவோம். வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லுக்கு 'தண்டு செல்' வேண்டாம், தண்டுவடத்தோடு குழம்பும். 'குருத்தணு' நல்ல சொல், வாழைக்குருத்து பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கருவிலிருந்து எடுத்த குருத்தணுவில் இந்தக் கடிகாரம் ஓடுவதில்லை, வேறு செல்லாக மாறும்போதுதான் ஓடத் தொடங்கும். வளர்ந்த இதயத்திலிருந்து எடுத்த செல்களிலோ அது ஓடுகிறது: 'க்ளாக்', 'பிமால்1' என்ற புரதங்கள் 'பெர்', 'க்ரை' மரபணுக்களை முடுக்கிவிட, அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் சேர்ந்து முடுக்கியவற்றையே தடுக்க, அப்புறம் அவை சிதைந்ததும் மறுபடி முதலிலிருந்து, ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள். ஆய்வகத் தட்டில் ஒவ்வொரு செல்லும் தன் போக்கில் நேரம் காட்டும். டெக்ஸாமெதசோன் மருந்து கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்துவிடும்.

ஆனால் வளர்ந்த இதயத்திலிருந்து எடுத்த இந்தச் செல்களை இதயக் குருத்தணு என்று எழுதத் தயங்குகிறேன். இதயத் தசையைப் புதுப்பிக்கும் குருத்தணு உண்டு என்ற பழைய வாதம் ஆட்டங்கண்டுவிட்டது, அது சார்ந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி 2018இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியே கேட்டது. 'இதய முன்னோடிச் செல்' என்பதே நேர்மையான பெயர்.

சரி, சர்க்காடியனுக்கு? 'ரிதம்' என்பதைத் 'தாளம்' ஆக்கினால் இதயம் பற்றிய பேச்சில் துடிப்பு என்றே படிப்பார்கள், அதனால் சுழற்சி. 'அஞ்சு மணிய ஒட்டி வாரேன்' என்று நெல்லையில் சொல்கிறோமே, அந்த 'ஒட்டி'தான் சிர்க்கா. 'நாளொட்டிய சுழற்சி' என்று எழுதலாம்.