திருவிழாவைக் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலம் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏறக்குறைய 1000 அடி நீளம், 950 அடி அகலம். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். அது வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்தது. தை மாதம் தெப்பத் திருவிழா வந்தால் மிதந்து சுற்ற வேண்டிய தெப்பம் ஒரே இடத்தில் நிற்கும். நிலைத் தெப்பம் என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டு வருவோம். அப்புறம் வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீரமைத்தார்கள், குளம் நிரம்பியது, தெப்பம் மறுபடி சுற்றியது. அந்தப் பக்கத்து வீடுகளில் போர்வெல் தண்ணீர் மேலே வந்ததாக அங்கே வேலைக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன்.

நான் கட்டடக் கலைஞன். பழைய வீடுகளைப் புதுப்பிப்பதும், நகருக்குள் சிறிய கட்டடங்கள் கட்டுவதும் என் தொழில். நகர வளர்ச்சி பற்றிய கூட்டங்களுக்கும் கூப்பிடுவார்கள். அங்கே திரையில் 'நீடித்த வளர்ச்சி' என்று ஒரு பக்கம் வரும். சூரிய விளக்கு, மழைநீர்த் தொட்டி, சைக்கிள் பாதை. 'பாரம்பரியம்' என்று கோபுரப் படத்தோடு இன்னொரு பக்கம். 'மக்கள் பங்கேற்பு' கடைசியில், நேரம் இருந்தால். தெப்பக்குளத்தைப் பாருங்கள், இந்த மூன்றையும் அங்கே பிரிக்கவே முடியாது. குளம் காய்ந்தால் தெப்பம் நிற்கும், தெப்பம் நின்றால் வருடத்துக்கு ஒருமுறை ஊரே வந்து அதைப் பார்க்கும். கால்வாய் அடைபட்டிருப்பதை யாரும் மறைக்க முடியாது. திருவிழாதான் அந்தக் குளத்துக்குப் பராமரிப்பு நாள் குறித்து வைத்திருக்கிறது.

அப்படி நாள் குறித்துவைக்க ஆள் இல்லாமல் போன நீர்நிலைகள் என்ன ஆயின? உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் இடத்தில் உலகனேரிக் கண்மாய் இருந்தது. மாநகராட்சி அலுவலகம் இருக்கும் பக்கம் தல்லாகுளம் கண்மாய். இவை ஒரே நாளில் அழியவில்லை. முதலில் ஆயக்கட்டு வயல்கள், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்கள், வீட்டு மனைகள் ஆயின. வயல் போனதும், மடை திறக்கிற நீர்பாய்ச்சிக்கு வேலை இல்லை. மடையைக் காக்கும் சாமியான மடைக்கருப்புக்குப் பொங்கல் வைத்த குடும்பங்கள் வேறு பக்கம் போயின. கண்மாயை 'எங்களுது' என்று சொல்ல ஆள் இல்லாத நிலையில்தான் அது காகிதத்தில் காலி இடமாகத் தெரிய ஆரம்பித்தது. மேலூர்ப் பக்கம் இன்னும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊரே ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு கண்மாய்க்குள் இறங்குகிறது. கரை எங்கே அரித்திருக்கிறது, எங்கே வேலி போட்டு உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் படும். அப்படி ஒரு நாளை வைத்திருக்கிற ஊரில் கண்மாயைச் சத்தமில்லாமல் விழுங்குவது கடினம்.

நகரத்துக்குள்ளும் இதே கணக்குத்தான். மீனாட்சி கோயிலைச் சுற்றிய ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் மாரட் வீதிக்கும் வந்தது. கோட்டை போய்விட்டது. உள்ளே இருந்த வீதிகள் அதே அகலத்தில், அதே வளைவில் நின்றன. தேர் திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று யாருக்கும் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாசி வீதியில் வருடம் தவறாமல் தேர் ஓடியது, அவ்வளவுதான்.

சித்திரைத் திருவிழாவைப் பற்றிச் சொல்லப்படும் வரலாற்றில் ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அழகர் முன்பு சோழவந்தான் பக்கம் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார். திருமலை நாயக்கர் அதை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார். ஆனால் தேனூர்க்காரர்களைக் கழற்றிவிடவில்லை. வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில்தான் அழகர் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிறார், அங்கே தேனூர்க்காரர்களுக்கு இன்றும் உரிமை உண்டு. ஓர் ஏற்பாட்டை இடம் மாற்றினால், அதை இழந்தவர்களுக்குப் புதிய ஏற்பாட்டில் ஓர் இடம் கொடுக்க வேண்டும். இன்றைய மறுகுடியமர்வுத் திட்டங்கள் எதையாவது படிக்கும்போது அந்த மண்டபம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் வழி முழுக்க நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு குடும்பமோ, சங்கமோ, தெருவோ சாமியை நிறுத்தி வரவேற்கும். பந்தல், பானகம், மோர், விளக்கு, இரவு தங்குகிறவர்களுக்குச் சாப்பாடு. இதை ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் யார் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள், பொதுக் காரியத்துக்குப் பணம் வசூலித்துக் கணக்குக் காட்டும் பழக்கம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வெள்ளம் வந்தாலும் தொற்றுநோய் வந்தாலும் முதலில் கஞ்சி காய்ச்சுவது இந்த ஆட்கள்தான்.

அந்த வழியில் ஒரு வேலை எனக்கு வந்தது. பழைய வீடும் சின்ன மண்டபமும் இருந்த மனை. கீழே கடைகள், மேலே அலுவலகம் என்று கட்டித் தரச் சொன்னார்கள். பிள்ளைகள் கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டேன். வீட்டுப் பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, சாமி வந்து நிக்கிற எடத்துல தூணு கீணு வச்சிராதீங்க. ஒரு பந்தல் போடுற அளவுக்கு மண்ணா விட்டுருங்க. மத்தது அவங்க இஷ்டம்." கட்டட விதிப்படி முன்பக்கம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அனுமதி வாங்கியதும் அந்த இடத்தில் சிமென்ட் போட்டு, கூரை இழுத்து, கடையை நீட்டுவதுதான் இந்த ஊர் வழக்கம். இந்த மனையில் அது நடக்கவில்லை. மழைநீர்க் கிணற்றை அந்த மண்ணுக்கு அடியிலேயே வைத்தோம். வெறும் விதியாக இருந்திருந்தால் அந்தத் திறந்தவெளி என்றோ மூடப்பட்டிருக்கும். அழகர் வந்து நிற்கிறார் என்பதால் மண்ணாகவே இருக்கிறது, மழை உள்ளே இறங்குகிறது.

மரபு என்று வந்துவிட்டால் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். சாமி எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று குறிக்கும்போதே, எந்தத் தெருவுக்குள் போவதில்லை என்பதும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் தேர் திரும்பிவிடும் இடத்துக்கு அப்பால் ஒரு குடியிருப்பு இருக்கிறது. குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும். சமூக உறவு என்ற பெயரில் பழைய விலக்கலுக்குப் புதுச் சாயம் பூசிவிடக் கூடாது. விழா முடிந்த விடியற்காலையில் தெருவைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர், பூ கட்டுகிறவர், பந்தல் போடுகிறவர், மேளக்காரர் எல்லோரும் இந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதும் அதில் வர வேண்டும்.

2018 பிப்ரவரியில் மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. அதன் பிறகு கல் மண்டபங்களுக்குள் கடைகள் இருப்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துச் சிற்பத் தூண்களுக்கு நடுவே தலைமுறைகளாகத் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் இருந்தன. அழகர் திருவிழாவுக்கு வேடம் போடுகிறவர்களின் உடையெல்லாம் அங்கேதான் தைக்கப்படும். அவர்களைப் பக்கத்திலேயே உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். இடமாற்றத்தில் வருத்தங்களும் இழுபறிகளும் இருந்தன. ஆனாலும் நடந்து போகிற தூரத்தில், எல்லோரையும் சேர்த்து மாற்றியது சரியான முடிவு என்பதே என் கருத்து. தையல்காரரை ஊருக்கு வெளியே ஒரு வளாகத்துக்கு அனுப்பியிருந்தால் துணிக்கடை ஓரிடம், பட்டன் கடை ஓரிடம், வாடிக்கையாளர் ஓரிடம் என்று சிதறியிருக்கும். கல்லைக் காப்பாற்றி, தொழிலை இழந்திருப்போம். பாரம்பரியக் கட்டடத்திலிருந்து யாரையாவது எழுப்ப வேண்டிய கட்டாயம் வந்தால் எவ்வளவு தூரம் போகிறார்கள், யாரோடு போகிறார்கள் என்று கேளுங்கள். இழப்பீட்டுத் தொகை அதற்கு அடுத்த கேள்வி.

கணக்கிலேயே வராதவர்கள் வளவு வீட்டு வாடகைக்காரர்கள். நடுவில் முற்றம், ஒரு கிணறு, சுற்றி ஏழெட்டு வீடுகள். வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போவாள். இந்த உதவிக்குச் சந்தையில் விலை கேட்டால் பாதிச் சம்பளம் போய்விடும். மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பது விதி. கோபுரம் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த அந்த விதியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் மேலே போக முடியாதவர்கள் பக்கவாட்டில் மனை முழுவதையும் நிரப்புகிறார்கள். முற்றம் போகிறது, கிணறு மூடப்படுகிறது, வளவு தங்கும் விடுதியாகிறது. சுண்ணாம்புச் சுவரும் முற்றமும் கொடுத்த குளிர்ச்சிக்குப் பதிலாக அறைக்கு ஒரு ஏசி வருகிறது. உயரத்துக்கு வரம்பு வைத்ததைப் போல முற்றத்துக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். முற்றத்தையும் வாடகைக்காரரையும் வைத்துக்கொண்டு வீட்டைப் பழுது பார்க்கிறவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கலாம்.

இன்னொன்று, கேட்க அற்பமாகத் தோன்றும். சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் சில முறைகளில் திண்ணை தெருவோடு சமமாகிவிடும். மழைத் தண்ணீர் வாசலுக்குள் வரும். வீட்டுக்காரர் திண்ணையை இடித்துச் சுவர் எழுப்புவார். மாலையில் உட்கார்ந்து பேசிய இடம் போய்விடும், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் போய்விடும். உங்கள் தெருவில் சாலை போட வந்தால் முதல் வேலையாக வாசற்படி உயரத்தை அளந்து, படம் எடுத்து, பொறியாளரிடம் காட்டுங்கள்.

வைகையைப் பற்றி மனம் பொறுக்காமல் சொல்கிறேன். நகருக்குள் இரு கரையிலும் கான்கிரீட் சுவரும் சாலையும் வந்திருக்கின்றன. போக்குவரத்துக்கு அவை தேவைதான். ஆனால் ஆற்றுக்குள் மக்கள் இறங்கிப் போன சரிவுகள் குறைந்துவிட்டன. சித்திரைக்கு முன்னால் ஆகாயத்தாமரையை அள்ளுகிறார்கள், குப்பையை எடுக்கிறார்கள், அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். அரசு இயந்திரம் முழுவதும் ஆற்றுக்காக ஓடுகிற வாரம் அது. அதே சமயம், பந்தல்குடி வாய்க்காலில் வருகிற கழிவுநீர் வருடம் முழுக்க ஆற்றில் கலக்கிறது. ஒரு வாரத்துக்குச் செய்ய முடிகிற வேலையை ஆடிப்பெருக்குக்கும் ஐப்பசிக்கும் செய்ய வைப்பது நம் கையில் இருக்கிறது. அந்த நாட்களிலும் நாம் ஆற்றில் போய் நிற்க வேண்டும். ஆள் வராத ஆற்றுக்கு நிதி வருவது கஷ்டம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நானும் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் இப்போது எந்தத் தெருவில் வேலை எடுத்தாலும் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை அச்செடுத்து, அதன் மேல் சாமி வரும் வழி, முளைப்பாரி கரைக்கும் இடம், சந்தனக்கூடு போகும் தெரு, மாதா சப்பரம் நிற்கும் முனை, மழைத் தண்ணீர் ஓடும் திசை எல்லாவற்றையும் வெவ்வேறு நிறத்தில் வரைகிறோம். தெருவில் வயதான இரண்டு மூன்று பேரை உட்கார வைத்துக் கேட்டால் போதும். ஊர்வலமும் தண்ணீரும் ஒரே கோட்டில் போவதைப் பல இடங்களில் பார்க்கலாம், ஏனென்றால் கரைக்கப் போகிற கூட்டம் தாழ்ந்த இடத்தை நோக்கித்தான் போகும். அந்தக் கோட்டின் மேல் கட்டடம் திட்டமிடப்பட்டிருந்தால் உடனே எச்சரிக்கையாகிவிட வேண்டும். வாய்க்கால் புறம்போக்கா என்பதைச் சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இதை எடுத்துக்கொண்டு போக ஓர் இடமும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம சபைக்கு இணையானது, ஆனால் பெரும்பாலான நகரவாசிகள் ஒருமுறைகூடப் போனதில்லை. உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். தெருக்காரர்கள் வரைந்த படத்தை அங்கே கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். உங்கள் பகுதிக்குப் பெரிய திட்டம் வருகிறது என்று தெரிந்தால் அதன் விரிவான திட்ட அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை உத்தரவு கொடுத்த பிறகு கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும். வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்டால் கோட்டை நகர்த்தலாம்.